மூன்றாவது உரிமையாளரைத் தேடி வராத கடிதம்

ரொறன்ரோ பெரும்பாகத்தில் பழைய மினிவான் ஓட்டும் தமிழ்க் குடும்பங்களுக்கு,



ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பிரம்ரனிலும் ஏஜெக்ஸிலும் நம் வீட்டு வாசல்களில் நிற்கும் வாகனங்களில் மினிவானுக்குத் தனி இடம் உண்டு. பிள்ளைகளைப் பள்ளிக்கும் நடன வகுப்புக்கும் தமிழ் வகுப்புக்கும் ஏற்றி இறக்குவது அது. அம்மம்மாவையும் தாத்தாவையும் கோயிலுக்கும் வைத்தியரிடமும் கூட்டிப்போவது அது. கலியாண வீடென்றால் ஏழு பேரும் சாமான்களும் அதற்குள்தான். புதிதாக வாங்கும் காசை வீட்டுக் கடனுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் ஒதுக்கிவிட்டு, பத்துப் பதினைந்து வயதான வானைக் கைமாற்றி வாங்கி ஓட்டும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். அந்தத் தெரிவில் எந்தப் பிழையும் இல்லை. ஒழுங்காகப் பராமரித்த வான் பல ஆண்டுகள் உழைக்கும். இந்த மடலில் நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. பழைய வானில் ஒளிந்திருக்கும் பெரிய ஆபத்துகளில் பல, அதைச் செய்த நிறுவனமே ஒப்புக்கொண்டு, இலவசமாகத் திருத்தித் தருகிறோம் என்று கடிதம் எழுதியவை. அந்தக் கடிதம் எழுதப்பட்ட நாளில் வான் உங்களுடையதாக இருந்திருக்காது. ஆகவே அது உங்களிடம் வந்திருக்காது. அதை நீங்கள்தான் தேடிப் போக வேண்டும்.

ரீகோல் என்று நாம் சொல்லும் மீளழைப்பு, நிறுவனங்கள் மனமிரங்கிச் செய்யும் சலுகை என்று பலர் நினைக்கிறார்கள். அது சட்டத்தால் வந்தது. அமெரிக்காவில் 1966ஆம் ஆண்டின் வாகனப் பாதுகாப்புச் சட்டமும், கனடாவில் 1971இல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டமும், பாதுகாப்பைப் பாதிக்கும் குறையொன்று தெரியவந்தால் அதை உரிமையாளருக்கு அறிவிக்கும் கடமையைத் தயாரிப்பாளர் மீது சுமத்தின. கனடாவில் 2018இல் வந்த திருத்தம், மீளழைக்கும்படியும் தன் செலவிலேயே திருத்தும்படியும் நிறுவனத்துக்கு உத்தரவிடும் அதிகாரத்தைப் போக்குவரத்து அமைச்சருக்குக் கொடுத்தது. மினிவானின் வரலாறும் மீளழைப்பின் வரலாறும் தொடக்கத்திலிருந்தே பிணைந்தவை. மினிவான் என்ற வகையை வட அமெரிக்காவில் பரவலாக்கிய கிறைஸ்லர் நிறுவனத்தின் 1984 முதல் 1995 வரையான வான்களில் பின்கதவின் பூட்டு பலவீனமாக இருந்தது. மோதலின்போது கதவு திறந்து, உள்ளே இருந்தவர்கள் வெளியே தூக்கி எறியப்பட்டு இறந்தார்கள். 1995இல் ஏறத்தாழ 40 இலட்சம் வான்களின் பூட்டை இலவசமாக மாற்றித் தர நிறுவனம் முன்வந்தபோதும், அதை ரீகோல் என்று அழைக்க மறுத்தது. வாடிக்கையாளர் சேவை என்றது. ஆபத்து என்ற சொல் இல்லாமல் வரும் கடிதத்தை அவசரமாக எடுத்துக்கொள்பவர் எத்தனை பேர்? திருத்தம் கையெட்டும் தூரத்தில் இருந்தும், அதன் அவசரம் உரிமையாளருக்குப் போய்ச் சேராமல் போகலாம் என்பதற்கு இது முதற் பாடம்.

நம் ஊரின் நிலைமைக்கு மிகப் பொருத்தமான பாடத்தைச் சொல்வது கறள். பனிக்காலம் முழுவதும் வீதியில் தூவப்படும் உப்பு, உருகிய பனித் தண்ணீரோடு கலந்து வாகனத்தின் அடிப்பாகத்தில் போய் ஒட்டுகிறது. வெளிப் பூச்சில் தெரியும் கறள் அழகைத்தான் கெடுக்கும். அடியில் கண்ணுக்குத் தெரியாமல் அரிக்கும் கறள் உயிரோடு விளையாடும். 1998 முதல் 2003 வரையான போர்ட் விண்ட்ஸ்ரார் வான்களில் பின்சில்லுகள் இரண்டையும் இணைக்கும் அச்சுக்குள் உப்புத் தண்ணீர் தேங்கி, உலோகம் அரிக்கப்பட்டு, ஓடிக்கொண்டிருக்கும்போதே அச்சு வெடித்து முறியும் நிலை ஏற்பட்டது. 2010 ஆகஸ்டில், உப்புத் தூவும் அமெரிக்க மாநிலங்களிலும் கனடாவிலுமாக ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கள் மீளழைக்கப்பட்டன. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அதே வான்கள் பலவற்றின் முன்பக்க அடிச்சட்டமும் கறளால் பலவீனமாகிறது என்று இன்னொரு ரீகோல் வந்தது. ரொயோற்றா சியன்னாவின் கதையும் இதேதான். 1998 முதல் 2010 வரையான இருசில்லு இயக்க சியன்னாக்களில் ஸ்பெயர் ரயர் வானின் அடியில், வெளியே, ஒரு கேபிளில் தொங்குகிறது. அந்தக் கேபிள் கறள் பிடித்து அறுந்தால் ரயர் வீதியில் விழும். ஹைவேயில் பின்னால் வருபவருக்கு அதைவிட ஆபத்தான தடை வேறில்லை. 2010இல் அமெரிக்காவின் 20 குளிர் மாநிலங்களில் ஏறத்தாழ 6 இலட்சம் வான்கள் இதற்காக அழைக்கப்பட்டன. 2014இல் அவற்றில் பலவற்றை அதே பாகத்துக்காக மறுபடியும் அழைக்க வேண்டி வந்தது.

இந்த ஆண்டுகளைச் சற்று நிதானித்துப் பாருங்கள். 1998இல் விற்ற வானுக்கு 2010இல் ரீகோல் என்றால், அப்போது அந்த வானுக்குப் பன்னிரண்டு வயது. கறள் ஓரிரு பனிக்காலத்தில் வேலையை முடிப்பதில்லை. பத்துப் பன்னிரண்டு பனிக்காலம் காத்திருந்து தாக்குகிறது. அந்தக் காலத்துக்குள் வான் முதல் உரிமையாளரின் கையைவிட்டு இரண்டாவது, மூன்றாவது கைக்குப் போயிருக்கும். குறை முற்றும் வயதும் வான் நம்மைப் போன்ற குடும்பங்களிடம் வந்துசேரும் வயதும் ஏறத்தாழ ஒன்று. என் வாதத்தின் அடித்தளமே இந்த ஒற்றுமைதான்.

இதே காலக்கணக்கை எயார்பாக்கிலும் காணலாம். தகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனம் செய்த எயார்பாக்குகளை ஊதவைக்கும் சிறிய உலோகக் கலத்துக்குள் அமோனியம் நைத்திரேற்று இருந்தது. ஈரமும் வெப்பமும் மாறிமாறி ஆண்டுக்கணக்கில் தாக்கியதில் அந்த இரசாயனம் சிதைந்து, சிறு மோதலிலும் அளவுக்கு மீறி வெடித்து, கலத்தையே துண்டுதுண்டாக்கிச் சாரதியின் கழுத்திலும் முகத்திலும் பாய்ச்சியது. உயிரைக் காக்க வைத்த பொருள் உயிரைக் குடித்தது. அமெரிக்காவில் மட்டும் 25க்கும் மேற்பட்டவர்கள் இதனால் இறந்தார்கள்; அங்கு மட்டும் ஏறத்தாழ 6 கோடியே 70 இலட்சம் கலங்கள் மீளழைக்கப்பட்டன. வாகன வரலாற்றில் இதைவிடப் பெரிய மீளழைப்பு நடந்ததில்லை. 2016இல் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம், 2001 முதல் 2003 வரையான சில ஹொண்டா, அக்கியூறா வாகனங்களில் எயார்பாக் விரியும்போது கலம் வெடித்துச் சிதறும் வாய்ப்பு 50 சதவீதம் வரை இருக்கலாம் என்று எச்சரித்து, திருத்தும் வரை ஓட்ட வேண்டாம் என்றது. அந்தப் பட்டியலில் 2002ஆம் ஆண்டின் ஹொண்டா ஒடிசி மினிவானும் இருந்தது. கனடாவின் காலநிலையில் ஈர வெப்பம் குறைவு, ஆகவே சிதைவும் மெதுவாக நடக்கும் என்பது உண்மை. ஆனால் வான் தன் வாழ்நாள் முழுவதையும் இங்கேயே கழித்தது என்று யாரால் உறுதி சொல்ல முடியும்? தெற்கிலிருந்து வந்து கைமாறிய வாகனங்களும் சந்தையில் உண்டு. இன்னொன்றையும் கவனியுங்கள். புதிய வகைக் கலங்கள் போதிய அளவு கிடைக்காத காலத்தில், சில வாகனங்களுக்கு அதே இரசாயனமுள்ள புதுக் கலம் தற்காலிகமாகப் பொருத்தப்பட்டது. அவற்றுக்கு இரண்டாவது மாற்றம் கட்டாயம் தேவை. “எயார்பாக் ஏற்கெனவே மாற்றியாச்சு” என்று விற்றவர் சொன்னால், எந்த ஆண்டில், எந்த ரீகோலின் கீழ் என்று கேட்டு அறிய வேண்டும்.

மூன்றாவது வகைக் குறை மினிவானின் வசதியிலிருந்தே பிறக்கிறது. மினிவானை மற்ற வாகனங்களிலிருந்து பிரித்துக் காட்டுவது அதன் அசையும் பாகங்கள்: தானாகத் திறக்கும் இழுவைக் கதவு, கழற்றி மாட்டக்கூடிய இருக்கைகள். அசையும் பாகம் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் பிழை நுழைய ஒரு வழி உண்டு. 2011 முதல் 2016 வரையான சியன்னாக்களில், மின்சாரத்தால் இயங்கும் கதவு தடைப்பட்டால் மின்சுற்றில் பளு கூடி ஃபியூஸ் எரியும்; பூட்டு விடுபட்ட நிலையில் அது நடந்தால் வான் ஓடும்போதே கதவு திறக்கலாம். 2016இல் அமெரிக்காவில் 7 இலட்சத்து 44 ஆயிரம் வான்கள் இதற்காக அழைக்கப்பட்டன. உறைந்து இறுகிய கதவோடு தைமாதக் காலையில் மல்லுக்கட்டும் நமக்கு, தடைப்பட்ட கதவு என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை. 2011 முதல் 2017 வரையான ஹொண்டா ஒடிசியில் நடு வரிசையின் ஓர இருக்கைகளைக் கழற்றி மாட்டும்போதோ பக்கவாட்டில் நகர்த்தும்போதோ கொளுக்கி சரியாக விழாமல் போகலாம். பிறேக் பிடிக்கும்போது இருக்கை முன்னால் கவிழலாம். 2017இல் ஏறத்தாழ 8 இலட்சம் வான்கள் இதற்காக அழைக்கப்பட்டன. 2004, 2005 ஆண்டுகளினதும் 2007 முதல் 2009 வரையினதுமான சியன்னாக்களில், பிறேக்கை மிதிக்காமலே கியர் தடியைப் பார்க் நிலையிலிருந்து நகர்த்த முடிந்தது. 2013இல் 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்களுக்கு ரீகோல் வந்தது. சரிவான வாசலில் நிற்கும் வானுக்குள் விளையாடும் பிள்ளையின் கை அந்தத் தடியில் பட்டால் என்ன நடக்கும் என்பதை நினைத்துப் பார்க்கவே மனம் நடுங்குகிறது. கதவுக் குறையும் இருக்கைக் குறையும் தாக்குவது பெரும்பாலும் பின்னால் இருப்பவர்களைத்தான். நாம் பின்னால் இருத்துவது பிள்ளைகளை.

இவ்வளவு வான்களை அழைத்தார்களே, எல்லாம் திருத்தப்பட்டிருக்காதா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. அழைக்கப்படும் வாகனங்களில் சராசரியாக நான்கில் ஒன்றாவது திருத்தப்படாமலே வீதியில் ஓடுகிறது. வாகனத்தின் வயது ஏற ஏற அந்தப் பங்கு கூடுகிறது. காரணம் கடிதம் அனுப்பப்படும் முறையிலேயே இருக்கிறது. ரீகோல் அறிவிக்கப்படும் நேரத்தில் பதிவேட்டில் யாருடைய பெயரும் விலாசமும் இருக்கின்றனவோ அவருக்குத் தபால் போகிறது. அவர் வீடு மாறியிருந்தால் கடிதம் பழைய வாசலில் விழும். அவர் அதைப் படித்தும் திருத்தாமல் வானை விற்றுவிட்டால், வாங்கியவருக்கு அப்படி ஒரு கடிதம் வந்ததே தெரியாது. விளம்பரத் தாள் என்று நினைத்துக் குப்பையில் போடப்பட்ட கடிதங்களுக்குக் கணக்கில்லை. ஆங்கிலத்தில் சட்ட மொழியில் எழுதப்பட்ட அந்தத் தாள் நம் வீட்டுப் பெரியவர்கள் பலருக்கு எதையும் சொல்வதில்லை. இப்படி ஒவ்வொரு கைமாற்றத்திலும் செய்தி ஒரு படி அறுந்து போகிறது. வான் மட்டும் குறையைச் சுமந்தபடி அடுத்த வீட்டுக்குப் போகிறது.

இதற்கு எதிராக நான் அடிக்கடி கேட்கும் முதல் வாதம், “சேஃப்டி எடுத்துத்தானே வாங்கினோம்” என்பது. ஒன்ராறியோவில் கைமாறும் வாகனத்துக்குக் கொடுக்கப்படும் பாதுகாப்புத் தராதரச் சான்றிதழ், பரிசோதித்த நாளில் அந்த வாகனம் குறைந்தபட்ச அளவுகோல்களை எட்டியது என்று மட்டுமே சொல்கிறது. அது 36 நாட்களுக்கே செல்லும். பிறேக் தேய்மானத்தையும் விளக்கையும் ரயரையும் பார்க்கும் கண்ணுக்கு, எயார்பாக் கலத்துக்குள் சிதைந்த இரசாயனம் தெரியாது. தனியாரிடம் வாங்கும்போது கிடைக்கும் பாவித்த வாகனத் தகவல் கோப்பில் முந்தைய உரிமையாளர் விபரமும் கடன் பாக்கி உண்டா என்பதும் இருக்கும். ரீகோல் பாக்கிக்கு அதை நம்பியிருக்க முடியாது. இரண்டாவது வாதம், “எங்கட மெக்கானிக் நல்ல கெட்டிக்காரர், அவர் பார்த்தவர்” என்பது. அவரின் திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ரீகோல் வேலை அந்த நிறுவனத்தின் டீலரிடம், அந்த நிறுவனத்தின் பாகத்தைக் கொண்டு செய்யப்படுவது. உங்கள் மெக்கானிக் செய்யக்கூடிய பெரிய உதவி, ஒயில் மாற்ற வரும் ஒவ்வொரு வானின் நம்பரையும் ஒருமுறை தேடிப் பார்த்து, பாக்கி இருந்தால் உங்களுக்குச் சொல்வது.

மூன்றாவது வாதத்தில் நியாயம் உண்டு. டீலரிடம் போனால் ரீகோலோடு சேர்த்து ஆயிரக்கணக்கான டொலருக்கு வேறு வேலைகளைத் தலையில் கட்டிவிடுவார்கள் என்ற பயம் அது. வேறு குறைகளை அவர்கள் சுட்டிக்காட்டுவார்கள். அது அவர்களின் தொழில். ஆனால் ரீகோல் வேலைக்கும் அந்தப் பட்டியலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. “ரீகோல் வேலை மட்டும் செய்தால் போதும், மற்றவற்றின் விலையை எழுதித் தாருங்கள், யோசித்துச் சொல்கிறோம்” என்று சொல்வதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. அந்தத் தாளை உங்கள் மெக்கானிக்கிடம் காட்டி இரண்டாவது அபிப்பிராயமும் கேட்கலாம். அடுத்த பயம், வான் மிகப் பழையது, இனி இலவசமாகச் செய்வார்களா என்பது. அமெரிக்கச் சட்டத்தில் இலவசத் திருத்தத்துக்கு ஒரு வயதெல்லை உண்டு: 2015வரை அது 10 ஆண்டு, பின்னர் 15 ஆண்டு. இந்த எல்லை ரீகோல் அறிவிக்கப்பட்ட நாளில் வாகனத்துக்கு என்ன வயது என்பதைப் பார்க்கிறது. ஆகவே முன்பே அறிவிக்கப்பட்ட ரீகோல், பின்னர் வான் முதுமை அடைந்ததால் காலாவதியாகிவிடும் என்று நினைக்க வேண்டியதில்லை. எல்லையைத் தாண்டிய வாகனங்களையும் நிறுவனங்கள் பல தடவை இலவசமாகத் திருத்தியிருக்கின்றன. கேட்பதற்குக் காசு இல்லை.

இன்னும் ஒரு வாதம் எல்லாவற்றையும்விட ஆழமானது. பிழை செய்தது நிறுவனம், கண்காணிக்க வேண்டியது அரசு, அலைய வேண்டியது மட்டும் நாங்களா என்ற கேள்வி. இந்தக் கேள்வியின் பக்கமே நானும் நிற்கிறேன். ஜெர்மனியில் கடுமையான ஆபத்துள்ள ரீகோலைச் செய்யாமல் விட்ட வாகனத்தை வீதியில் ஓட்டவே அதிகாரிகள் தடை விதிக்கலாம். அமெரிக்காவில் 2015இன் சட்டம், ரீகோல் பாக்கியுள்ள வாகனத்தை வாடகை நிறுவனங்கள் வாடகைக்கு விடுவதைத் தடுத்தது. ஆனால் அதே பாக்கியோடு பாவித்த வாகனத்தை விற்பதை அங்கும் மத்திய சட்டம் தடுப்பதில்லை. ஒன்ராறியோவில் 2022இல் வாகனப் பிளேற் ஸ்ரிக்கர் நிறுத்தப்பட்டது. 2024இல் பிளேற் புதுப்பித்தலும் தானாக நடக்கத் தொடங்கியது. மக்களுக்கு அலைச்சல் குறைந்தது நல்லதே. ஆனால் வாகனத்தின் பெயரால் உரிமையாளரும் அரசும் குறித்த காலத்துக்கு ஒருமுறை தொடர்புகொண்ட ஒரு வாய்ப்பும் அதோடு போய்விட்டது. பெயர் மாற்றும் நாளிலாவது, இந்த வானில் திருத்தப்படாத ரீகோல் உண்டு என்று வாங்குபவரிடம் சொல்லும் கடமையைச் சட்டமாக்கும்படி நம் மாகாணசபை உறுப்பினர்களிடம் நாம் கேட்க வேண்டும். நம் சமூகத்துக்கு வாக்குப் பலம் உண்டு. அதை இதற்கும் பயன்படுத்தலாம். என்றாலும் சட்டம் மாறும்வரை கறள் காத்திருக்காது. நியாயம் நம் பக்கம் இருப்பதால் அச்சு முறியாமல் இருக்கப் போவதில்லை. கோருவதும் தேடுவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்.

தேடும் வேலை பத்து நிமிடத்துக்குள் முடியும். வாகனத்தின் அடையாள இலக்கமான வின் நம்பர் எழுத்தும் இலக்கமுமாகப் பதினேழு. முன்கண்ணாடியின் அடியில் சாரதிப் பக்க மூலையிலும், சாரதிக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்ரிக்கரிலும், இன்சூரன்ஸ் பிங்க் ஸ்லிப்பிலும் அது இருக்கும். கனடியப் போக்குவரத்து அமைச்சின் மீளழைப்புத் தரவுத்தளத்தில் வானின் பெயரையும் ஆண்டையும் கொடுத்தால் இதுவரை வந்த ரீகோல்கள் தெரியும். அவற்றில் உங்கள் வானில் எது செய்யப்பட்டது, எது பாக்கி என்பதை அறிய, தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்தில் வின் நம்பரைக் கொடுங்கள், அல்லது எந்த டீலருக்காவது தொலைபேசியில் சொல்லுங்கள். ஒருமுறை பார்த்தது போதாது. விண்ட்ஸ்ராரும் சியன்னாவும் காட்டியதுபோல ஒரே வானுக்கு ஒன்றன்பின் ஒன்றாக ரீகோல் வரலாம். பனிக்கால ரயரை மாட்டும்போதும் கழற்றும்போதும் ஒருமுறை பார்ப்பதை வழக்கமாக்கினால் ஆண்டுக்கு இருமுறை ஆகிவிடும். விலாசம் மாறினால் பதிவேட்டிலும் மாற்றுங்கள். நிறுவனத்திடம் உங்கள் பெயரை உரிமையாளராகப் பதிந்து வையுங்கள். அடுத்த கடிதம் உங்கள் பெயருக்கே வரும். இணையம் பழக்கமில்லாத பெரியவர்களின் வானுக்கு, அந்த வீட்டுப் பிள்ளைகள் இதைச் செய்து கொடுக்க வேண்டும். கோயில்களும் ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் கோடைகால ஒன்றுகூடல் நாளில் ஒரு மேசை போட்டு, வரும் வான்களின் நம்பர்களைத் தேடிக் கொடுத்தால், ஒரே பிற்பகலில் நூறு குடும்பங்களுக்குப் பயன் கிடைக்கும். நம் வானொலிகளும் பத்திரிகைகளும் புதிய ரீகோல் வரும்போது அதைத் தமிழில் சொன்னால், ஆங்கிலக் கடிதம் எட்டாத வீட்டுக்கும் செய்தி எட்டும்.

கடைசியாக, வானைக் கைமாற்றும் நாள் பற்றி. நம்மிடமிருந்து போகும் பழைய வான் பெரும்பாலும் நம்மைவிடப் பின்னர் இந்நாட்டுக்கு வந்த ஒரு குடும்பத்திடம்தான் போகிறது. அவர்களுக்கு இந்த ஊரின் பனியும் புதிது, உப்பும் புதிது, இப்படி ஒரு கடிதம் உண்டு என்பதும் புதிது. எல்லா ரீகோலையும் முடித்து, டீலர் கொடுத்த வேலைத் தாள்களை ஒரு உறையில் போட்டு, சாவியோடு அதையும் அவர்கள் கையில் கொடுங்கள். பாக்கி ஏதும் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். நிறுவனத்தின் கடிதம் மூன்றாவது உரிமையாளரைத் தேடி வருவதில்லை. அந்த உறை வரட்டும்.

அக்கறையுடன்,
இதே வீதிகளில் உங்களோடு பயணிக்கும் ஒருவர்